பிரசவமாகி 12ஆம் நாள்: சி.டி. இயல்பு என்று வந்தபின் மூளைச் சிரைகளைத் தனியாகப் படம் எடுக்க வேண்டுமா?

கொடுமுடிக்காரன்
செவ்வாய், மாலை 6:20

வணக்கம். அவசரமாகக் கேட்கிறேன். விவரம் தெரிந்தவர்கள் உடனே சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

என் தங்கைக்கு வயது 26. தலைப்பிரசவம். 12 நாட்களுக்கு முன் சிசேரியனில் பெண் குழந்தை பிறந்தது. ஐந்தாம் நாள் எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தோம். எட்டாம் நாள் விடியற்காலையில் தலைவலி என்று எழுந்து உட்கார்ந்தாள். முதுகில் போட்ட மயக்க ஊசியால் வருகிற வலிதான், படுத்து ஓய்வெடுத்தால் சரியாகிவிடும் என்று பிரசவம் பார்த்த இடத்தில் சொன்னார்கள். அவளோ படுத்தால்தான் வலி கூடுகிறது என்கிறாள். மல்லாக்கப் படுக்கவே பயந்து, சுவரோரம் தலையணையை அண்டக்கொடுத்து உட்கார்ந்தபடியே தூங்குகிறாள். பத்தாம் நாள் இரண்டு முறை வாந்தி. அன்று தலைக்குச் சி.டி. எடுத்து, எல்லாம் இயல்பாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார்கள்.

இன்று காலை குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தபோது அவளுடைய வலது கை தானாக வெட்டி வெட்டி இழுத்தது. குழந்தையை நான்தான் பாய்ந்து வாங்கினேன். இரண்டு நிமிடம் இருக்கும். நினைவு தப்பவில்லை. ஆனால் அதன்பிறகு அரை மணி நேரம் அந்தக் கையால் தம்ளரைப் பிடிக்க முடியவில்லை.

ஈரோட்டில் வேறொரு மருத்துவரிடம் காட்டினோம். மூளையிலிருந்து ரத்தத்தை வடிக்கிற சிரைகளில் உறைவு இருக்கலாம் என்று சந்தேகப்படுகிறார். எம்.ஆர்.ஐ.யும், சிரைகளில் ரத்த ஓட்டத்தைக் காட்டும் வீனோகிராமும் இன்றே எடுக்க வேண்டும், இங்கேயே சேர்த்துவிடுங்கள் என்றார். துணிமணி எடுத்து வருகிறோம் என்று வீட்டுக்கு வந்தோம். வந்த இடத்தில் பேச்சு மாறிவிட்டது. பச்சை உடம்புக்காரியை அந்தக் குழாய்க்குள் தள்ள வேண்டாம், ஏற்கெனவே ஒரு ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்றுதானே வந்தது என்கிறார் அம்மா. மாப்பிள்ளை சூரத்திலிருந்து வெள்ளிக்கிழமை வருகிறார், அதுவரை பொறுக்கலாம் என்கிறார் அப்பா.

சி.டி.யில் தெரியாதது இதில் தெரியுமா? வெள்ளிக்கிழமை வரை பொறுக்கலாமா? குழாய்கள் தெளிவாகத் தெரிய மருந்து ஊசி போட்டுப் படம் எடுத்தால் தாய்ப்பால் கொடுக்கலாமா?


வைகைக்கரை
செவ்வாய், மாலை 6:41

தம்பி, முதலில் வண்டியை எடுங்கள். மீதியைப் போகும் வழியில் படித்துக்கொள்ளலாம். வெள்ளிக்கிழமை வேண்டாம், நாளைக் காலையும் வேண்டாம். கை இழுத்தது வலிப்பு. அடுத்தது உடம்பு முழுவதும் வரலாம், அப்போது மடியில் குழந்தை இருக்கலாம்.

நான் மருத்துவர் அல்ல. மதுரையில் 19 ஆண்டுகளாக ஸ்கேன் எடுக்கிற டெக்னீஷியன். படம் எப்படி எடுக்கப்படுகிறது, எதில் எது தெரியும், எது தெரியாது என்பது என் அன்றாட வேலை. அதை மட்டும் சொல்கிறேன்.

மூளைக்கு ரத்தத்தைக் கொண்டுவருவது தமனி, வடித்துக் கொண்டுபோவது சிரை. சாதாரண சி.டி.யில் மூளைக்குள் பெரிய ரத்தக்கசிவு, கட்டி இருந்தால் பளிச்சென்று தெரியும். சிரையில் உறைந்த ரத்தம் அப்படித் தெரிவதில்லை. சிரையில் உறைவு இருப்பது உறுதியான நோயாளிகளிலேயே ஏறத்தாழ 30 விழுக்காட்டினருக்குத்தான் ஊசியில்லாத சி.டி.யில் ஏதாவது மாற்றம் தெரிகிறது. ஆகவே உங்கள் கையில் இருக்கும் 'இயல்பு' என்ற தாளைச் சிரைக்கான பதிலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தப் படத்திடம் யாரும் சிரையைப் பற்றிக் கேட்கவே இல்லை.

எனக்கு இதில் ஆற்றாமை உண்டு. என் மேசைக்கு வருகிற சீட்டுகளில் பெரும்பாலும் 'தலைவலி' என்ற ஒரே சொல்தான் இருக்கும். யாருடைய தலை, எத்தனை நாளாக, எதற்குப் பின் என்று எதுவும் இருக்காது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு இரவு, அப்படியொரு சீட்டோடு 22 வயதுப் பெண் ஒருத்தி வந்தாள். மேசையில் படுக்கவைக்கும்போதுதான் பார்த்தேன், ரவிக்கை பாலால் நனைந்திருந்தது. 'குழந்தை பிறந்து எத்தனை நாள் அம்மா?' என்று கேட்டேன். 'பதினாறு' என்றாள். படம் பார்த்து அறிக்கை எழுதும் மருத்துவரைத் தொலைபேசியில் எழுப்பிச் சொன்னேன். சிரைகளுக்கும் சேர்த்து எடுங்கள் என்றார். உச்சந்தலையிலிருந்து பின்மண்டை வரை ஓடுகிற பெரிய சிரைக்குழாய் பாதிக்குமேல் காணவில்லை. அந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டிருந்தால் அவளும் இயல்பு என்ற தாளோடுதான் வீட்டுக்குப் போயிருப்பாள்.

அதனால் இப்போது நீங்கள் செய்ய வேண்டியது இது. சீட்டில் மருத்துவர் எழுதியிருக்கிறாரா என்று பாருங்கள். இல்லையென்றால் ஸ்கேன் அறையில் நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள்: சிசேரியன் ஆகி 12 நாள், தலைவலி தொடங்கி ஐந்து நாள், படுத்தால் கூடுகிறது, வாந்தி, இன்று வலது கையில் வலிப்பு.

'ஐந்து நாள்' என்பதை ஏன் சொல்லச் சொல்கிறேன் தெரியுமா? எம்.ஆர்.ஐ.யிலும் ஒரு பொறி இருக்கிறது. முதல் ஐந்து நாள் வயதுள்ள உறைவு, சில படங்களில் ஓடுகிற ரத்தத்தைப் போலவே கறுப்பாகத் தெரியும். பார்ப்பவருக்கு ரத்தம் ஓடுவதாகவே தோன்றும். ஒரு வாரம் போனபின்தான் அது வெள்ளையாக மாறித் தன்னைக் காட்டிக்கொடுக்கும். உங்கள் தங்கையின் உறைவு, அது உறைவாக இருந்தால், இப்போது அந்த ஒளிந்திருக்கும் வயதில்தான் இருக்கும். அதனால்தான் ஓட்டத்தைத் தனியாகக் காட்டுகிற வீனோகிராம் எடுக்கிறோம். அதோடு எஸ்.டபிள்யூ.ஐ. என்ற வரிசையும் எடுப்போம். மூளையின் மேற்பரப்பில் ஓடும் மெல்லிய சிரையில் ரத்தம் உறைந்திருந்தால் அதில் தடித்த கறுப்பு நூல் கிடப்பது போலத் தெரியும்.

எம்.ஆர்.ஐ. இன்றிரவு கிடைக்கவில்லை என்றால் சும்மா திரும்பிவிடாதீர்கள். சி.டி. இயந்திரத்திலேயே கையில் மருந்து செலுத்திச் சிரைப் படம் எடுக்கலாம். சில நிமிட வேலை. மருந்து ஏறியதும் பின்மண்டையில் அந்தப் பெரிய குழாய் வெள்ளை முக்கோணமாக நிரம்ப வேண்டும். உறைவு இருந்தால் ஓரம் மட்டும் வெளுத்து நடுவில் இருட்டாக இருக்கும், கோலத்தில் கோடு மட்டும் இழுத்து உள்ளே மாவு நிரப்பாமல் விட்டது போல.

தாய்ப்பால் பற்றி: எம்.ஆர். வீனோகிராமைப் பல நேரம் ஊசியே இல்லாமல் எடுத்துவிடலாம். ஊசி போட்டாலும் பாலில் சேரும் அளவு மிகமிகக் குறைவு, பாலை நிறுத்தச் சொல்வதில்லை. உள்ளே அனுப்பும் முன் குழந்தைக்குப் பால் கொடுக்கச் சொல்லுங்கள். முக்கால் மணி நேரம் ஆகலாம், அத்தனை நேரம் தாய் அசையாமல் படுக்க வேண்டும். படுத்தால் வலிக்கும் என்பதையும் முன்பே சொல்லிவிடுங்கள், வலிக்கு ஏதாவது கொடுத்துவிட்டு எடுப்பார்கள்.

அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். எம்.ஆர்.ஐ.யில் கதிர்வீச்சு இல்லை, சத்தம் மட்டும்தான், காதுக்கு அடைப்பான் கொடுப்பார்கள். தாலியைக் கழற்றச் சொல்வார்கள். அதில் கோத்திருக்கும் ஊக்குகள்தான் ஆபத்து, காந்தம் இழுத்துவிடும். மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் துண்டைக் கட்டி இப்போதே எடுத்துப்போங்கள். அதைக் கழுத்தில் போட்டபின் கழற்றினால் எந்தத் தாயும் தடுப்பதில்லை. என் அறையிலேயே ஒரு டப்பா நிறைய மஞ்சள் கிழங்கு வைத்திருக்கிறேன்.


செம்பருத்தி
செவ்வாய், இரவு 7:15

வைகைக்கரை அக்கா சொன்னதையே நானும் சொல்கிறேன், போய்விடுங்கள். எனக்கு வந்தது இதே நோய், 31 வயதில். எனக்குப் பிரசவம் காரணமில்லை. குலதெய்வக் கோவில் கும்பாபிஷேகத்துக்காக மாதவிலக்கைத் தள்ளிப்போடும் மாத்திரையை 18 நாள் தொடர்ந்து விழுங்கியிருந்தேன். மருந்துக்கடையில் கேட்டு வாங்கியது. யாரும் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஒற்றைத் தலைவலி என்று ஒன்பது நாள் ஓடியது. குனிந்து கோலம் போட்டால் மண்டை வெடிக்கும். கண்ணாடி மாற்ற வேண்டுமோ என்று கண் மருத்துவரிடம் போனேன். அவர்தான் சொட்டு மருந்து விட்டுப் பின்கண்ணைப் பார்த்து, இரண்டு கண்ணிலும் நரம்பு வீங்கியிருக்கிறது, இது கண் நோயல்ல, தலைக்குள் அழுத்தம் ஏறியிருக்கிறது என்று கைப்பட எழுதி அனுப்பினார். என் பார்வை தப்பியது அந்தக் கடிதத்தால். தம்பி, உங்கள் தங்கைக்கும் பின்கண்ணை ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. தண்ணீர் கொடுக்கிறீர்களா? எங்கள் பக்கம் பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் கொடுத்தால் வயிறு தொங்கிவிடும் என்று நாக்கை மட்டும் நனைக்க விடுவார்கள். பிரசவத்தை ஒட்டி ரத்தம் இயல்பாகவே எளிதில் உறையும் நிலையில் இருக்கும், உடம்பும் வற்றினால் இன்னும் மோசம் என்று என் மருத்துவர் சொன்னார்.


கொடுமுடிக்காரன்
புதன், அதிகாலை 3:50

ஏழு மணிக்கே கிளம்பிவிட்டோம். உங்கள் இருவருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. வைகைக்கரை அக்கா எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். பால் நனைந்த ரவிக்கை என்ற இடம் வந்ததும் எழுந்து உள்ளே போய் மஞ்சள் கிழங்கை எடுத்து வந்துவிட்டார். தண்ணீர் விஷயத்தில் செம்பருத்தி அக்கா கேட்டது அப்படியே உண்மை. ஒரு நாளைக்கு இரண்டு தம்ளர் வெந்நீர்தான் கொடுத்திருக்கிறோம்.

படம் எடுத்து, சேர்த்தும் ஆகிவிட்டது. அறிக்கையில் இருப்பதைத் தமிழில் எழுதுகிறேன்: சுப்பீரியர் சஜிட்டல் சைனஸின் (உச்சந்தலையிலிருந்து பின்மண்டை வரை ஓடுகிற பெரிய சிரைக்குழாய்) முன், நடுப்பகுதிகளில் ஓட்டம் இல்லை, உறைவு. இடது முன்மூளையில் சிரை அடைப்பினால் வந்த வீக்கமும் சிறிய ரத்தக்கசிவும். இடது டிரான்ஸ்வர்ஸ் சைனஸ் (பின்மண்டையிலிருந்து பக்கவாட்டில் ஓடும் சிரைக்குழாய்) மெலிந்து, நடுவில் ஓட்டம் விட்டுத் தெரிகிறது, 'பிறவியிலேயே சிறியதா, உறைவா என்று ஒப்பிட்டுப் பார்க்கவும்' என்று போட்டிருக்கிறார்கள்.

இப்போது ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் ஊசி தொடங்க வேண்டும் என்கிறார்கள். அப்பா கையெழுத்துப் போட மறுக்கிறார். மூளையில் ரத்தம் கசிந்திருக்கிறது என்று நீங்களே எழுதிவிட்டு, ரத்தத்தை இளக்குகிற ஊசியையும் போடுவீர்களா என்று கேட்கிறார். எனக்கும் அந்தக் கேள்வி நியாயமாகவே படுகிறது. அந்த இடதுபக்கக் குழாயும் அடைத்திருக்கிறதா?


கதிரியல் மாணவன்
புதன், அதிகாலை 4:30

இரவுப் பணியில் இருக்கிறேன், அதனால் உடனே எழுத முடிகிறது. கதிரியலில் முதுநிலை படிக்கிறேன். படங்களைப் பார்க்காமல் முடிவு சொல்லக் கூடாது, பொதுவாக நடப்பதைச் சொல்கிறேன்.

இடது டிரான்ஸ்வர்ஸ் சைனஸ் எங்களையெல்லாம் தடுமாற வைக்கிற இடம். பலருக்கு வலது குழாய் பெரிது, இடது சிறிது. 2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், எம்.ஆர்.ஐ. இயல்பாக இருந்த 100 பேருக்கு ஊசியில்லாத வீனோகிராம் எடுத்தார்கள். 31 பேருக்கு டிரான்ஸ்வர்ஸ் சைனஸில் ஓட்டம் விட்டுப்போனது போல இடைவெளி தெரிந்தது. நோயே இல்லாதவர்கள் அவர்கள். மெதுவாக ஓடும் ரத்தத்தையும், படம் வெட்டும் தளத்திலேயே ஓடும் ரத்தத்தையும் அந்த முறை சரியாகப் பிடிப்பதில்லை.

பிரித்தறிய ஒரு எளிய வழி இருக்கிறது. நீங்கள் 'பயனில்லை' என்று நினைத்த அந்தப் பழைய சி.டி.யைக் கொடுங்கள். அதில் எலும்பைப் பார்ப்பார்கள். பிறவியிலேயே குழாய் சிறியதாக இருந்தால், அந்த ரத்தம் மண்டையோட்டை விட்டு வெளியேறும் துவாரமும் இடதுபக்கம் சிறியதாகவே இருக்கும். துவாரம் பெரிதாக இருந்து குழாய் மட்டும் காணாமல் போனால் உறைவைச் சந்தேகிக்க வேண்டும். எலும்பு பொய் சொல்லாது.

ஆனால் இந்தக் கேள்வியால் சிகிச்சை நிற்க வேண்டியதில்லை. உச்சிக் குழாயில் உறைவு உறுதியாகிவிட்டது. இடது குழாய் எப்படி இருந்தாலும் மருந்து ஒன்றுதான்.

அப்பாவுக்கு: ஐயா, நீங்கள் காலிங்கராயன் வாய்க்கால் பாசனக்காரராக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். வயலின் வடிமடை அடைத்துக்கொண்டால் தண்ணீர் ஏறி வரப்பு உடைகிறது. உடைந்த வரப்புக்கு மண் வெட்டிப் போட்டுக்கொண்டே இருந்தாலும் மடை திறக்காதவரை இன்னோர் இடத்தில் உடையும். உங்கள் மகளின் மூளையில் கசிந்திருக்கும் ரத்தம் வரப்பு உடைந்ததால் வந்தது. ஹெப்பாரின் அடைப்பைத் தானே கரைத்துவிடாது. அது மேலும் வளராமல் நிறுத்தி, உடம்பு தானாகக் கரைத்துக்கொள்ள நேரம் வாங்கிக் கொடுக்கிறது.

இது வெறும் உவமையல்ல. 1991இல் ஜெர்மனியில் இதே நோயுள்ள 20 பேரை இரண்டு பாதியாகப் பிரித்துச் சோதித்தார்கள். ஹெப்பாரின் பெற்ற 10 பேரில் எட்டுப் பேர் முழுமையாகக் குணமானார்கள், இரண்டு பேருக்குச் சிறு குறை மிஞ்சியது, யாரும் இறக்கவில்லை. மருந்து பெறாத 10 பேரில் மூன்று பேர் இறந்தார்கள், முழுமையாகத் தேறியவர் ஒருவர்தான். அந்த ஆய்வில் மூளையில் கசிவு இருந்தவர்களும் இருந்தார்கள். கசிவு இருந்தாலும் ஹெப்பாரின் தொடங்கலாம் என்பதே இன்றுள்ள மருத்துவ வழிகாட்டுதல்களும் சொல்வது. கையெழுத்துப் போடுங்கள் ஐயா.

இன்னும் ஒன்று, உங்கள் மனம் தேற. 2004இல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்றில் இந்நோய் வந்த 624 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். ஏறத்தாழ 79 விழுக்காட்டினர் நன்றாகத் தேறினார்கள், எட்டு விழுக்காட்டினர் இறந்தார்கள். அறிகுறி தொடங்கி நோய் கண்டறியப்படும் வரை அவர்களுக்கு ஆன இடைவெளியின் நடுமதிப்பு ஏழு நாள். உங்கள் தங்கைக்கு ஐந்தாம் நாளிலேயே பெயர் தெரிந்துவிட்டது.


வைகைக்கரை
புதன், காலை 6:05

இரவெல்லாம் இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். படம் எடுத்துவிட்டீர்கள் என்று கண்டதும் நிம்மதி.

மாணவர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். இரண்டு ஸ்கேனுக்கும் படத்தாளோடு குறுந்தகடும் கேட்டு வாங்குங்கள். மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் மறுபடி வீனோகிராம் எடுப்பார்கள். அப்போது பழைய படம் இல்லாமல் வருகிறவர்களுக்கு நாங்கள் எடுக்கிற படம் பாதிப் படம்தான். எதோடு ஒப்பிடுவது? வெள்ளம் வடிந்த வீட்டில் இழந்தவர்கள் உண்டு, குழந்தை விளையாடக் கொடுத்துக் கீறியவர்கள் உண்டு. பத்திரமாக வையுங்கள்.


கொடுமுடிக்காரன்
வெள்ளி, ஒன்பது நாட்களுக்குப் பின், இரவு 9:10

தங்கையை இன்று வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம்.

அன்று காலை அப்பா கையெழுத்துப் போட்டார். மடை, வரப்பு என்று எழுதியிருந்ததை இரண்டு முறை வாசிக்கச் சொன்னார், பிறகு ஒன்றும் பேசாமல் பேனாவை வாங்கினார். ஹெப்பாரின் தொடங்கியபின் ஒருமுறை மட்டும் கை லேசாக இழுத்தது, வலிப்பு மாத்திரையைக் கூட்டியபின் வரவில்லை. நான்காம் நாள் இரவு படுத்துத் தூங்கினாள். மல்லாக்கப் படுத்து, வாய் லேசாகத் திறந்து. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து விடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

பழைய சி.டி.யைக் கதிரியல் மருத்துவரிடம் கொடுத்தேன். மாணவர் சொன்ன அதே எலும்புத் துவாரத்தைத்தான் அவரும் பார்த்தார். இடதுபக்கம் சிறியது. பிறவியிலேயே மெலிந்த குழாய், அங்கே உறைவு இல்லை என்று திருத்தி எழுதிக் கொடுத்தார். பின்கண்ணில் வீக்கம் இருக்கிறது, பார்வை குறையவில்லை, இரண்டு வாரத்தில் மறுபடி காட்ட வேண்டும்.

இப்போது ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை. ரத்தப் பரிசோதனையில் ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதைக் காட்டும் அளவு) 2க்கும் 3க்கும் இடையில் இருக்க வேண்டும், இன்று 2.1. குறைந்தது மூன்று மாதம், படத்தைப் பார்த்து ஆறு மாதம் வரை என்றார்கள். பால் கொடுக்கலாம். அம்மா தினமும் முருங்கைக்கீரை கொடுப்பதைச் சொன்னேன். நிறுத்த வேண்டாம், ஒரு நாள் கைப்பிடி, மறுநாள் கட்டு என்று கூட்டிக் குறைத்தால் மாத்திரையின் வேலையும் கூடிக் குறையும், ஒரே அளவாகக் கொடுங்கள் என்றார் மருத்துவர். செம்பருத்தி அக்கா, நீங்கள் விழுங்கிய அந்த மாத்திரையைப் பற்றியும் கேட்டேன். மாதவிலக்கைத் தள்ளிப்போடுவதும் கருத்தடை மாத்திரையும் இனி தன்னைக் கேட்காமல் கூடாது என்று வெளியேற்றச் சீட்டிலேயே சிவப்பு மையில் எழுதியிருக்கிறார்.

வலது கையில் பிடி இன்னும் முழுதாக வரவில்லை. ஊக்கு மாட்ட முடியவில்லை, தம்ளரைப் பிடிக்கிறாள். தம்ளர் நிறையத் தண்ணீர், இப்போது அம்மாவே மணிக்கொருமுறை கொண்டுவந்து நீட்டுகிறார்.

வைகைக்கரை அக்கா, குறுந்தகடுகள் இரண்டையும் வாங்கிவிட்டேன். பீரோவில் பத்திரப் பையோடு வைத்திருக்கிறேன். உறையின் மேல் தேதியும் 'பிரசவமாகி 12ஆம் நாள்' என்பதும் எழுதியாகிவிட்டது. அடுத்த ரத்தப் பரிசோதனை செவ்வாய்க்கிழமை.